டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் வருடம்

ஜூன் பிறந்தால் குமணன்சாவடியில் எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு பையன் மார்க் ஷீட்டோடு வந்துவிடுவான். "அண்ணா, டிப்ளமோ முடிச்சிட்டேன். லேட்டரல்ல பி.இ. போகவா, அம்பத்தூர் எஸ்டேட்டுல வேலைக்குப் போகவா?"

வீட்டில் உடனே சம்பளம் தேவையில்லை என்றால் போ என்பேன். கூடவே மூன்றாவது செமஸ்டரைப் பற்றிச் சொல்லித்தான் அனுப்புவேன்.

ஆவடிப் பக்கம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, பூந்தமல்லிக்கு அருகே ஒரு சின்ன சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தவன் நான். எனக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷன். நமக்கு முதல் செமஸ்டரே, முதல் வருடத்திலிருந்து படிப்பவர்களுக்கு மூன்றாவது. அதில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் என்ற கணக்குப் பாடம் இருந்தது. மற்றவர்கள் பிளஸ் டூ கணக்கு, எம் ஒன், எம் டூ என்று படிப்படியாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். நாமோ கணக்கைப் பாலிடெக்னிக் முதல் வருடத்தோடு மூட்டை கட்டியவர்கள். ரிசல்ட்டுக்கும் வகுப்புக்கும் இடையே கிடைக்கும் வாரங்களில் பார்ஷியல் டிஃபரன்ஷியேஷனையும், இண்டக்ரேஷனில் பெர்னூலி ஃபார்முலாவையும் கை தானாகப் போடும் அளவுக்குப் பழகிவிட வேண்டும். ஃபூரியர் சீரிஸில் பாதிக் கணக்கு அந்த ஃபார்முலாவில்தான் ஓடும். மற்றதை வகுப்பில் பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தாமதமாகத்தான் உறைக்கும். நமக்கு சி.ஜி.பி.ஏ. ஆறு செமஸ்டருக்குத்தான். முதல் வருட இங்கிலீஷ், லேப் என்று மற்றவர்கள் சேர்த்து வைத்திருக்கும் சுலப மதிப்பெண்கள் நம் கணக்கில் கிடையாது. ஒரு செமஸ்டர் சறுக்கினால் எட்டில் ஒன்று இல்லை, ஆறில் ஒன்று.

ஆனால் லேப் நம்முடைய ராஜ்ஜியம். லேத்தில் சென்டர் பார்ப்பது, வெர்னியர் படிப்பது, டிராயிங்கைப் பார்த்தே பாகத்தை மனதில் சுழற்றுவது எல்லாம் நமக்குப் பழகிய வேலை. ஒரு வருடமாகச் சேர்ந்தே இருக்கும் வகுப்பில் 'லேட்டரல் பசங்க' கடைசி பெஞ்சில் தனித் தீவாக ஒதுங்குவதுதான் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. லேப் பேட்ச்சில் மற்ற மாணவர்களோடு கலந்து நின்று, நாம் மெஷினைச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் கணக்கைச் சொல்லித் தருவார்கள். நட்பும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வரதராஜபுரம், வீரராகவபுரம், தண்டலம், மாங்காடு என்று நம் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ஒரு பொறியியல் கல்லூரி வாசல் வரும். பெயரைப் பார்த்து மயங்காமல், உன் துறையில் எத்தனை ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்கள் என்று அங்கே படிக்கும் சீனியரிடம் கேள். சின்னக் கல்லூரியில் ஹெச்.ஓ.டி.க்கு உன் பெயர் தெரியும். புராஜெக்ட்டுக்கு மெஷின் வேண்டும் என்றால் நேரே போய்க் கேட்கலாம். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் குறைவு என்பதும் உண்மைதான். அந்தக் குறையை ஈடுகட்ட, விடுமுறையில் அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இன்டர்ன்ஷிப்பை நாமே தேடிக்கொள்ள வேண்டும். டிப்ளமோ மதிப்பெண்ணும் அப்போது கைகொடுக்கும். பல கம்பெனி விண்ணப்பங்களில் பிளஸ் டூ கட்டத்தில் அதைத்தான் நிரப்புவோம்.

சேர்வதாக இருந்தால் அரசுக் கலந்தாய்வு வழியாகவே சேர். நான் சேர்ந்தபோது காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிக்கு நேரில் போக வேண்டியிருந்தது. இரவு பஸ்ஸில் அப்பாவும் கூட வந்தார். இப்போது ஆன்லைனிலேயே முடிந்துவிடுகிறது. "சீட் இருக்கு, நேரா வந்துடு" என்று போன் வந்தால் அவசரப்படாதே. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கிடையாது. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் உனக்குக் கிடைக்காது. இல்லையென்றால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடு. ஜூன், ஜூலையில் அங்கே கூட்டம் தாங்காது.