முதல் நடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு

வைகாசி முடிய முன்னமே வீடு தேடி வந்துவிடுகிறார்கள். "ஆச்சி, இந்த முறை நாங்களும் கதிர்காமம் நடக்கப் போறோம், என்னென்ன கொண்டு வரவேணும்?" என்று கேட்பார்கள். எதை விட்டுவிட்டு வரலாம் என்று கேட்கிற பிள்ளையை நான் அரிதாகத்தான் காண்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்படுகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், சித்தாண்டி, மாமாங்கம் என்று கோயில் கோயிலாகத் தங்கி, ஒன்றரை மாதத்துக்குக் குறையாமல் நடக்கிறார்கள். யுத்த காலத்தில் அந்த நீண்ட நடை பல வருடங்கள் அறுந்து கிடந்தது. மட்டக்களப்பில் சேருகிறவர்களுக்கு வாவிக்குக் கிழக்கே, கடலோரமான எழுவான்கரை வழியே திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை. அதற்குப் பிறகு குமண, யால காடு. உகந்தையிலிருந்து காட்டுக்குள் மட்டும் ஐந்தாறு நாள் நடை. காட்டுப் பாதை வருடத்தில் ஏறக்குறைய இரண்டு கிழமைதான் திறந்திருக்கும். திகதியை மாவட்டச் செயலகத்துக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள், அதைக் கேட்டறிந்து புறப்படுங்கள்.

உடம்பை வருத்தினால்தான் புண்ணியம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோள் கடுத்து, கால் புண்ணாகி நடக்கிறவளுக்கு "அரோகரா" சொல்லவும் மூச்சு இருக்காது. சந்தோஷமாக நடக்கிற பிள்ளைதான் காட்டையும் பார்க்கும், கூட வருகிறவரையும் பார்க்கும், முருகனையும் நினைக்கும்.

1. மூட்டையைத் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். உங்கள் உடம்பு நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம், தண்ணீரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அறுபது கிலோ ஆளுக்கு ஆறு கிலோ. இரண்டு லீற்றர் தண்ணீரே இரண்டு கிலோ. மிச்சம் நாலு கிலோவுக்குள் மாற்றுடுப்பு இரண்டு, துவாய், போர்வை, தறப்பாள் துண்டு, ஒரு தட்டு, கோப்பை, ரோர்ச், மருந்து, கொஞ்சம் சாப்பாடு. இவ்வளவும் அடங்கும். அடங்காமல் நிற்பவை எல்லாம் "ஒருவேளை தேவைப்பட்டால்" என்று எடுத்து வைத்த சாமான்கள். மூன்றாவது சாறி, பெரிய சவர்க்காரக் கட்டி, நாலு பேருக்குக் காணும் பிஸ்கட். பயம்தான் அவற்றைக் கட்டச் சொல்கிறது. கூட்டத்தில் ஐம்பது பேர் போகிறோம், ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருக்கும்.

எம்மா கேற்வுட் என்ற அமெரிக்கப் பாட்டியின் கதையைப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு. பதினொரு பிள்ளைகள் பெற்றவர். 1955ஆம் ஆண்டு, தம் 67 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீற்றருக்கும் மேலான தூரத்தை, தனியாக நடந்து முடித்தார். காலில் கன்வஸ் சப்பாத்து. கையால் தைத்த துணிப்பை ஒன்று தோளில். மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. கூடாரம் கிடையாது. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைப் பெண்கள் சாக்கில் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டு நடக்கிறதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2. பை கடைப் பையா, வீட்டில் தைத்ததா என்பது முக்கியமில்லை. தோள்பட்டி நாலு விரல் அகலம் இருக்கவேணும். பாரமான சாமான் முதுகோடு ஒட்டி, தோளுக்குக் கிட்ட வரவேணும். அடியில் போட்டால் பை பின்னுக்கு இழுக்கும், நீங்கள் கூனி நடப்பீர்கள். கடைப் பையில் இடுப்புப் பட்டி இருந்தால் அதைக் கட்டாமல் விடாதீர்கள். பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குகிற வேலை அதனுடையது. தைத்த பையாக இருந்தால் சால்வை ஒன்றைப் பைக்கு மேலால் சுற்றி இடுப்பில் இறுக்குங்கள்.

3. கால். இதை மற்ற எல்லாவற்றையும் விட நீளமாகச் சொல்லப்போகிறேன். நடையை விட்டுப் பாதியில் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் காலால்தான் ஏறுகிறார்கள்.

வெறுங்காலோடு நடக்க நேர்த்தி வைத்தவர்கள் சித்திரையிலேயே பழகத் தொடங்குங்கள். காலையில் வீட்டு வளவில், பிறகு கிறவல் ரோட்டில், பிறகு பதினொரு மணி வெயிலில் மணலில். உள்ளங்கால் தோல் தடிக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். நேர்த்தி இல்லாதவர்கள் செருப்போடு நடப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விரலுக்கிடையில் பட்டி போகிற இறப்பர் செருப்பு வேண்டாம். இரண்டாம் நாளே பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சிவந்துவிடும், முள்ளும் அடியால் ஏறும். குதிக்காலில் பட்டி பிடிக்கிற சாண்டில் நல்லது. புதிதாக வாங்கியதைப் போட்டுக்கொண்டு வரவே வேண்டாம். ஒரு மாதமாவது போட்டு நடந்து, எங்கே உரசுகிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

தோல் சூடேறி எரியத் தொடங்கும்போதே நில்லுங்கள். கூட்டம் போகிறதே என்று பார்க்காதீர்கள். காலைத் துடைத்து, மணலைத் தட்டி, அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டினால் அதோடு போயிற்று. அரை மணித்தியாலம் பொறுத்தால் கொப்புளமாகும். கொப்புளமானால் தோலை உரிக்கக்கூடாது. கொதித்த நீரில் போட்ட ஊசியால் ஓரத்தில் சின்னதாகக் குத்தி நீரை விட்டு, மேல்தோலை அப்படியே வைத்து மூடுங்கள். ஆற்றைக் கடந்தவுடன் ஈரக்காலோடு நடக்கவேண்டாம். ஊறிய தோல் மணலில் பட்டவுடன் கிழியும். கும்புக்கன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகத் துவாயால் துடைத்துவிட்டு எழும்புங்கள்.

4. ஒத்திகை பார்க்காமல் உகந்தைக்கு வராதீர்கள். அதற்கு எங்களுக்கு மட்டக்களப்பு வாவியே இருக்கிறது, அதைச் சுற்றி நடக்கலாம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை ரோட்டால் தெற்கே நடந்தால் களுவாஞ்சிகுடி வரை ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். முதல் முறை அதை ஒரு நாளில் முடிக்க நினைக்காமல் நடுவில் ஒரு இரவு தங்குங்கள். குருமண்வெளித் துறையில் 'பாதை' என்கிற படகில் ஏறி மண்டூருக்குக் கடந்துவிடலாம். சின்னக் கதிர்காமம் என்று பேர் பெற்ற கோயில் அது. கப்புகனார் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்கிறதைப் பார்த்தவர்களுக்குக் கதிர்காமத்து வழிபாடு புதிதாகத் தெரியாது. திரும்பும்போது வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை வழியாகப் படுவான்கரையால் வந்து, 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்கு ஏறினால் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இதை முழு மூட்டையோடு நடக்கவேணும். கச்சான் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து நடந்தால் இன்னும் நல்லது. அந்தக் காய்ந்த காற்றில் வியர்வை தெரியாமலே உடம்பு வற்றும். உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேணும், எந்த மணிக்குக் கால் சோரும், எந்தச் சாமானை ஒருமுறையும் தொடவில்லை என்பதெல்லாம் அந்தச் சுற்றில் தெரியும். தொடாத சாமானை வீட்டில் வையுங்கள்.

5. தாகம் எடுத்த பிறகு குடிப்பது பிந்திய குடிப்பு. அரை மணிக்கொரு தரம் இரண்டு மூன்று வாய். ஜீவனி உப்புக்கரைசல் தூள் ஒரு பைக்கற்றுக்குச் சரியாக ஒரு லீற்றர் தண்ணீர். கெட்டியாகக் கரைத்தால் நன்மை கூடாது, வயிற்றைத்தான் கெடுக்கும். காட்டுக்குள் தண்ணீர்த் தாங்கிகள் வைத்திருப்பார்கள், ஆனால் அடுத்த தாங்கியில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போத்தலை வெறுமையாக்க வேண்டாம். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்தாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள், மேலே ஆயிரம் பேர் குளிக்கிறார்கள். ஆற்றில் முதலை உண்டு. கூட்டம் இறங்குகிற துறையில் மட்டும் இறங்குங்கள்.

6. ரோட்டு நடையில் விடிய நாலு மணிக்கே கிளம்புங்கள். பத்து மணிக்கு நிழல் பிடியுங்கள். வெயில் சாய்ந்து மூன்றரைக்குப் பிறகு மறுகா நடக்கலாம். காட்டுக்குள் இந்தக் கணக்கு செல்லாது. நிலம் வெளுக்காமல் அங்கே ஒரு அடியும் எடுத்து வைக்கக்கூடாது.

7. விடியுமுன் காட்டில் நடக்கக்கூடாது என்பதற்குக் காரணம் சொல்கிறேன். நாங்கள் நடக்கிற காலமும் பாலைப்பழம் பழுக்கிற காலமும் ஒன்று. பாலைப்பழம் என்றால் கரடிக்கு உயிர். மரத்தில் ஏறியிருந்தே தின்னும். யால காட்டில் கரடியைக் காணவேணும் என்று ஆசைப்படுகிறவர்கள் இந்த மாதங்களில்தான் வருவார்கள். நடந்து போகிற எங்களுக்கு அது வேறு கதை. பழுத்துக் கொட்டிக் கிடக்கிற பாலை மரத்தடிக்குத் தனியாகப் போகாதீர்கள், வெளிக்குப் போகவேண்டி வந்தாலும் இரண்டு மூன்று பேராகச் சத்தம் கொடுத்துக்கொண்டு போங்கள். கரடி திடுக்கிட்டால் பாயும். ஆள் வருகிற சத்தம் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் விலகிவிடும். யானை நின்றால் கூட்டமாக நில்லுங்கள், போனைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போகிற வேலை வேண்டாம். அது போகிற மட்டும் காத்திருப்பதற்கு எங்களுக்கு நேரம் இருக்கிறது.

8. மெதுவாக நடக்கிறவரை முன்னுக்கு விடுங்கள். இளந்தாரிகள் முன்னால் ஓடி, நிழலில் இருந்து களையாறி, பின்னால் வருகிற ஆச்சி வந்து சேர்ந்தவுடன் எழும்பிப் போய்விடுவார்கள். ஆச்சிக்கு ஆறுதலே கிடைக்காது. இது நியாயமில்லை. வேல் தாங்குகிறவரைப் பின்னால் விட்டு யாரும் போகக்கூடாது என்று எங்கள் கூட்டத்தில் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். நடையில் எல்லாரும் எல்லாருக்கும் "சாமி"தான். டொக்டரும் சாமி, கூலி வேலை செய்கிறவரும் சாமி. அந்தச் சொல்லை வாயளவில் விடாமல், மெதுவாக நடக்கிற சாமியின் பையை ஒரு கட்டை தூரம் வாங்கிச் சுமந்து பாருங்கள்.

9. சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். உகந்தை மட்டும் ஊருக்கு ஊர் அன்னதானம் உண்டு. காத்தான்குடி, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்களுக்கு ஊடாகவும்தான் நாங்கள் போகிறோம். தண்ணீரும் நிழலும் கேட்டு இல்லையென்றவரை நான் காணவில்லை. கொடுக்கிறதை வாங்கப் பழகுவது சில பிள்ளைகளுக்கு, அதுவும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு, மூட்டை தூக்குவதை விடக் கஷ்டமாக இருக்கிறது. வெட்கப்படாமல் கை நீட்டுங்கள். தருகிறவருக்கும் அது நேர்த்திதான். காட்டுக்குள் போக அவல், கச்சான், பேரீச்சம்பழம், பனங்கட்டி காணும். அரிசி பருப்பைக் கூட்டமாகப் பிரித்துச் சுமந்து ஒரே உலையில் போடுங்கள்.

10. படுக்கைக்குப் பன்பாய் வடிவுதான், ஆனால் சுமக்க ஏலாது. தறப்பாளுக்கு மேல் சாரமோ பழைய சாறியோ போதும். பகலில் வெயில் கொளுத்தினாலும் ஆற்றங்கரையில் விடியப்புறம் குளிரும், போர்வையை வீட்டில் விட்டு வராதீர்கள். முந்தி நடந்தவர்கள் மலேரியா மாத்திரை இல்லாமல் காடு ஏறமாட்டார்கள். இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்த பிறகு அந்தப் பயம் விட்டது. ஆனால் டெங்கு இருக்கிறது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

11. உகந்தை தாண்டினால் போனுக்குச் சிக்னலை நம்ப ஏலாது. வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு அணைத்து வையுங்கள்.

12. கொண்டு போன பிளாஸ்டிக்கைக் கொண்டு வாருங்கள். பிஸ்கட் உறையையும் பொலித்தீன் பையையும் உப்புச் சுவைக்காக மானும் யானையும் தின்னும். நாங்கள் வணங்கப் போகிற வழியில் ஒரு உயிர் வயிறு அடைத்துச் சாகக்கூடாது. புறப்படும்போதே உறைகளைக் கழற்றிச் சாமானைத் துணிப் பையில் கொட்டிக் கட்டினால் பாரமும் குறையும், குப்பையும் இராது.

13. "இன்னும் எத்தனை கட்டை?" என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு நடக்கிறவருக்குத் தூரம் கூடும். கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்குமிடங்களுக்குப் பேர் இருக்கிறது. அடுத்த இடத்தின் பேரை மட்டும் மனதில் வைத்தால் காணும். ஏலாமல் போனால் ஏலாது என்று சொல்லுங்கள். காய்ச்சலோடு காட்டுக்குள் இறங்கி, நாலு பேர் தூக்கி வரவேண்டிய நிலைக்கு ஆளாகவேண்டாம். பொத்துவிலில் நின்று பஸ் ஏறிப் போனாலும் முருகன் கோபிக்கமாட்டார். அடுத்த வருடமும் கதவு திறக்கும்.

14. கதிர்காமம் சேர்ந்தவுடன் மாணிக்க கங்கையில் முழுகி, கும்பிட்டு, அன்று பின்னேரமே பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்து எனக்கு மனம் நோகும். குறைந்தது இரண்டு நாள் தங்குங்கள். முதல் நாள் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருங்கள், இரண்டாம் நாள் செல்லக் கதிர்காமம் போய்வாருங்கள். கால் இடங்கொடுத்தால் கதிரமலை ஏறுங்கள். வேலைக்கு லீவு கேட்கும்போதே அந்த இரண்டு நாளையும் சேர்த்துக் கேளுங்கள்.