சுருளும் பொறியும் நிலை அலையும்

என் தந்தையார் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வயர்மேன். தோலைப் போட்டுப் புரட்டும் பெரிய மர டிரம்களின் மோட்டார்கள் அவர் பொறுப்பு. "ஓடற மோட்டாரைப் பார்த்துப் பயப்படாதேடா, அதை நிறுத்தறப்போ சுவிட்சுல விழற பொறிக்குப் பயப்படு" என்பார். மின்சாரம் நிற்கும்போது பொறி ஏன் விழ வேண்டும்? வகுப்பில் தன்மின் தூண்டலைப் படித்தபோதுகூட அவர் சொன்னதும் இதுவும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் பழைய குழல்விளக்குச் சோக்குகள் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி, நான்கு டார்ச் செல்களையும் (6 வோல்ட்) ஒரு அழுத்துச் சுவிட்சையும் தொடரில் இணைத்தேன். சோக்கின் முனைகளுக்கு இடையே சுவிட்ச் போர்டில் எரியும் சிறு நியான் விளக்கு. அது எரிய 70 வோல்ட்டாவது வேண்டும். சுவிட்சை அழுத்தினால் ஒன்றுமில்லை. விட்டால் 'பளிச்' என்று ஒரு மின்னல்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வேடிக்கை பார்த்த தம்பி இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு சுவிட்சை விடச் சொன்னான், விட்டேன். வீறிட்டுப் பின்னால் விழுந்தான். நல்ல வேளை, அடி ஒன்றும் பலமில்லை. ஆறு வோல்ட்தானே என்ற அலட்சியம் அன்றோடு போயிற்று. (வீட்டு மின்சாரத்தில் இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

துறைக் கண்காட்சிக்கு இதையே வைத்து, '6 வோல்ட் கொடுத்து 180 வோல்ட் பெறலாம்! இலவச மின்சாரம்!' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது?"

அன்றிரவு கணக்குப் போட்டேன். சோக்கின் மின்தடை சுமார் 40 ஓம். ஆகவே ஓட்டம் 0.15 ஆம்பியர். தூண்டல் எண் சுமார் 1.2 ஹென்றி. அந்த ஓட்டம் ஆயிரத்தில் ஒரு வினாடியில் அற்றுப்போனால் எழும் மின்னழுத்தம் 180 வோல்ட். அட்டையில் எழுதிய எண் சரிதான். ஆனால் சுருளில் சேர்ந்திருந்த ஆற்றல் 0.0135 ஜூல் மட்டுமே! பத்தில் ஒரு வினாடி அழுத்திப் பிடித்தால் செல்கள் கொடுப்பதோ சுமார் 0.064 ஜூல். ஐந்தில் ஒரு பங்குதான் சுருளில் தங்குகிறது. மற்றது கம்பியைச் சூடாக்கிப் போய்விடுகிறது. இலவசம் எங்கே? மறுநாள் அட்டையைக் கிழித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் பொறியை விட மனம் வரவில்லை. வீட்டிலிருந்த பழைய மின்மணியை எடுத்தேன். அதுவே தன் சுற்றை அறுத்து அறுத்து இணைக்கும் கருவி. ஒவ்வொரு அறுப்புக்கும் தொடுமுனையில் நீலப் பொறி. கிண்ணத்தைக் கழற்றிவிட்டுச் சுத்தியலில் ஆம்பூர் செருப்புக்காரர்கள் தைக்கும் மெழுகு நூலைக் கட்டி, 1.6 மீட்டர் தள்ளி ஒரு கப்பியின் மேல் விட்டு, மணல் டப்பாவைத் தொங்கவிட்டேன். டப்பா 50 கிராம் இருக்கும்போது நூலில் நான்கு வயிறுகள் அசையாமல் நின்றன! 200 கிராம் ஆக்கினால் இரண்டு. சுத்தியலிலிருந்து போகும் அலையும் கப்பியில் பட்டுத் திரும்பும் அலையும் கூடி நிற்பதே இது. பத்து மீட்டர் நூலின் எடை 5 கிராம்; இதிலிருந்து மணியின் அதிர்வு வினாடிக்கு 39 என்று வந்தது.

மணி அடிக்கும்போது பக்கத்து அறை ரேடியோவில் மத்திய அலையில் 'கர்ர்' என்ற இரைச்சல். இதைத்தான் பெரிய அளவில் ஹெர்ட்ஸ் 1888-இல் கார்ல்ஸ்ரூவில் செய்தார். தூண்டு சுருளின் பொறியிலிருந்து கிளம்பிய அலையைத் துத்தநாகத் தகட்டில் மோதித் திருப்பி, மண்டபத்தின் நீளத்தில் கணுக்களைத் தேடி அளந்தார். அவ்வளவு பெரிய மண்டபம் நமக்கு ஏது என்று நினைக்கும்போது கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ் நினைவுக்கு வருகிறார். 1890-களின் நடுவில் அவர் அலை நீளத்தையே சில மில்லிமீட்டராகச் சுருக்கி, சோதனை முழுவதையும் மேசை மேல் கொண்டுவந்துவிட்டார். எனக்கு ஹெர்ட்ஸைவிட இவரையே பிடிக்கிறது. நம் சென்னையிலும் 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முதலான ஆர்வலர்கள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி ஒலிபரப்பே நடத்தினார்கள். பணமுடையால் 1927-இல் நின்றது. அவர்கள் கொடுத்த கருவியைக் கொண்டு 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கிற்று.

கடைசியாக ஒன்று. சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடைப் பொருத்தினால் எழும் மின்னழுத்தம் அதன் வழியே அடங்கிவிடும் என்று படித்திருந்தேன். மணியில் பொருத்தினேன். நீலப் பொறி மறைந்தது. ரேடியோவும் ஏறக்குறைய அமைதியாயிற்று. ஆனால் நூலில் நின்ற நான்கு வயிறுகளும் கலைந்துவிட்டன! டயோடு வழியே ஓட்டம் மெல்லத் தேய்வதால் காந்தம் சுத்தியலைச் சற்றுத் தாமதித்தே விடுகிறது, அதிர்வு குறைந்துவிட்டது. டப்பாவிலிருந்து மணலைச் சிறிது சிறிதாக எடுத்தேன். 42 கிராமில் நான்கு வயிறுகளும் திரும்ப நின்றன. கணக்கிட்டால் வினாடிக்கு 36. தந்தையார் அருகில் நின்று பார்த்தார். "பொறி போச்சு, சரி. மணி மந்தமாயிடுச்சே" என்றார்.