வீட்டிலிருந்தே ஊறுகாய், வத்தல், பொடி விற்பவர்களுக்கு: செலவில்லாத விளம்பரக் குறிப்புகள்

அடுப்பு வேலை முடிந்தால் பாக்கிங், அது முடிந்தால் கூரியர். விளம்பரத்துக்கென்று ஆளும் பணமும் ஒதுக்க முடியாதவர்கள், கையிலிருக்கும் போனை வைத்தே செய்யக்கூடியவை இவை.

1. என்ன பதிவு போடுவது என்று யோசித்து உட்கார வேண்டாம். வாடிக்கையாளர்கள் கேட்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். "ஃபிரிட்ஜில் வைக்கணுமா?", "எத்தனை நாள் தாங்கும்?", "பூண்டு இல்லாமல் கிடைக்குமா?", "ஒரு கிலோ மீனுக்கு எத்தனை ஸ்பூன் பொடி போடணும்?" இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வரியில் பதில் எழுதினால் அதுவே ஒரு பதிவு. இதே சந்தேகத்தோடு, கேட்கத் தயங்கி வாங்காமலே போனவர்களும் இருப்பார்கள். எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை என்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள்.

2. எழுதிய பதிலை வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் 'குயிக் ரிப்ளை'யாகச் சேமியுங்கள். ஆப் இலவசம். அடுத்த முறை அதே கேள்வி வந்தால் சாய்கோடு ஒன்றைத் தட்டி, பதிலைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடலாம். படம், எடை, விலையோடு பொருட்களைக் கேட்டலாக்கில் ஏற்றிவிட்டால், விலைப்பட்டியலைத் திரும்பத் திரும்ப டைப் செய்யும் வேலையும் மிச்சம்.

3. மூடி போட்ட பாட்டிலைக் காட்டுவதைவிட, மாங்காய் நறுக்குவதையும் மொட்டை மாடியில் வத்தல் காய்வதையும் காட்டுங்கள். சுத்தமாகச் செய்கிறீர்கள் என்பதைப் பார்ப்பவர்களே புரிந்துகொள்வார்கள். ஜன்னலோரக் காலை வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் மிளகாய்த்தூளின் நிறமே மாறித் தெரியும். எண்ணெய்க் கை பட்டு லென்ஸ் மங்கியிருக்கும், எடுக்கும் முன் துடைத்துவிடுங்கள். ஊறுகாய் போடும் நாளில் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்து வைத்தால் ஒரு மாதம் ஓடும்.

4. ஒரே வீடியோவை மூன்று இடங்களில் போடலாம். போனை நிமிர்த்திப் பிடித்து 20 விநாடி எடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் அப்படியே இருக்கும். சினிமாப் பாட்டைச் சேர்த்தால் காப்புரிமைச் சிக்கல் வரலாம். கடுகு வெடிக்கும் சத்தத்தைவிடப் பொருத்தமான பின்னணி இசை வேறென்ன வேண்டும்?

5. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கும்போது அனுப்பினால் போதும்.

6. தினசரிக் காலண்டரில் சீசனைக் குறித்து வையுங்கள். சித்திரை, வைகாசியில் ஆவக்காயும் வத்தலும். ஐப்பசிக்கு முறுக்கு, அதிரசம். தீபாவளிக்கு முந்தின வாரம் சொல்வதில் பயனில்லை, அதற்குள் வேறிடத்தில் ஆர்டர் கொடுத்திருப்பார்கள். மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் இன்னும் முன்னதாக.

7. உள்ளூரில் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் கூகுள் பிசினஸ் புரொஃபைல் தொடங்கலாம். கட்டணம் இல்லை. வீட்டு முகவரியை மறைத்து, டெலிவரி செய்யும் பகுதியை மட்டும் காட்ட வசதி உண்டு. வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள் அவசியம் அப்படியே வையுங்கள். பொருள் போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று நாளில் ரிவ்யூ லிங்கை அனுப்பிக் கேளுங்கள். தள்ளுபடி தருவதாகச் சொல்லி ரிவ்யூ வாங்குவதை கூகுள் அனுமதிப்பதில்லை.

8. லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துப் போடுங்கள். முருங்கைக்கீரைப் பொடியோ கறிவேப்பிலைப் பொடியோ, எதுவானாலும் "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று எழுதிவிடாதீர்கள். நோய் தீர்க்கும் என்று உணவை விளம்பரம் செய்வதற்கு அந்த ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் தடை இருக்கிறது. அதைவிட முக்கியம், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள் என்பதை மட்டும் நேர்மையாக எழுதுங்கள்.

9. வாடிக்கையாளர் அனுப்பும் பாராட்டையோ படத்தையோ பகிரும் முன் அனுமதி கேளுங்கள். பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

10. புது ஆர்டர் வந்தால் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்து, ஆர்டரே வராத இடத்தில் பதிவு போடுவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தை ஆர்டர் வரும் இடத்துக்குக் கொடுங்கள்.