திராட்சைத் தோட்டத்துக்கு ஐப்பசிக் குறிப்பு

தார்நாகாவில் குடியிருந்துகொண்டு, கீசராவுக்கும் ஷாமீர்பேட்டைக்கும் அப்பால் தகப்பனார் காலத்துத் திராட்சைப் பந்தலை இன்னும் கைவிடாமல் பராமரித்துவரும் குடும்பத்தாருக்கென்று இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறக்கும் இந்த நாட்களில் நாம் செய்வதும் செய்யாமல் விடுவதுமே மாசி பங்குனியில் கூடை நிறையுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆகையால் பிரதானமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தென்மேற்குப் பருவமழை தெலங்கானாவை விட்டு விலகியது நிச்சயமாகும்வரையில் கத்தரியைக் கையில் எடுக்க வேண்டாம்.

முந்திக் கவாத்து செய்தவனுக்கு முந்திய விலை கிடைக்கும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனால் கவாத்து முடிந்த பத்துப் பன்னிரண்டு நாளில் விடும் இளந்தளிர்மேல் இரண்டு நாள் தூறல் விழுந்தாலும் அடிச்சாம்பல் நோய் தளிரையும், அதற்குள் சுருண்டிருக்கும் பூங்கொத்தையும் சேர்த்தே அழித்துவிடும். சாதாரணமாக அக்டோபர் நடுவில் மழை விலகுவது வழக்கம். என்றாலும் 2020 அக்டோபர் 13, 14 தேதிகளில் வங்கக் கடலிலிருந்து வந்த தாழ்வு மண்டலம் ஹைதராபாத்தை வெள்ளக்காடாக்கியதை இங்கே இருந்தவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடுவோருக்கு ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை உண்டாதலால், ஒரு போகம் கெட்டாலும் அடுத்த போகம் கைகொடுக்கும். நமக்கோ ஏப்ரலில் கட்டைக்கு ஒரு வெட்டு, அக்டோபரில் காய்ப்புக்கு ஒரு வெட்டு, பிறகு ஒரே அறுவடை, அவ்வளவுதான். அதற்காக நவம்பர் குளிர் வரையில் காத்திருப்பதும் உசிதமன்று; குளிரில் கண்கள் ஒரே சீராக விழிப்பதில்லை. அக்டோபரின் பிற்பகுதியே நமக்கு உகந்த காலம். தோட்டம் சற்றுப் பெரிதாயின் இரண்டு பாகமாகப் பிரித்து, ஒரு வார இடைவெளியில் வெட்டுவது விவேகம்.

காத்திருக்கும் நாட்களில் வேலைக்குக் குறைவில்லை. வடிகாலைத் தூர் வாருங்கள். கற்றூண்களில் தளர்ந்த கம்பியை முறுக்கிவிடுங்கள். அடிமரத்தில் செதிலாகத் தொங்கும் பட்டையைக் கையால் உரித்து எரித்துவிடுங்கள். தளிர் விடும் கண்ணைக் குடைந்து தின்னும் வண்டு முட்டையிடுவது அந்தப் பட்டையின் அடியில்தான்.

வெட்டும்போது, பென்சில் பருமனில் முற்றிப் பழுப்பேறிய கொம்பை ஐந்தாறு கண் விட்டு வெட்டுவது பொது விதி. பச்சையாகவே நிற்கும் கொம்பு காய்க்காது, தயங்காமல் நீக்குக. கண்கள் சேர்ந்து விழிக்கும்பொருட்டு ஹைட்ரஜன் சயனமைடு தடவுகிறவர்கள் கையுறை அணிவது மிக அவசியம். அன்றைக்கும் அதை ஒட்டிய சில நாட்களுக்கும் மதுவைத் தொடவே கூடாது, தொட்டால் உடம்புக்கு ஆபத்து நேரும் என்பதைக் கூலியாட்களிடம் தெலுங்கிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் உயிர் நம் பொறுப்பு.

வெட்டி முடித்ததும் போர்டோ கலவை அடிக்க வேண்டும். 1885-இல் பிரான்ஸில் மில்லார்டே என்ற பேராசிரியர் இதே அடிச்சாம்பல் நோய்க்காகவே வகுத்த மருந்து இது. இன்றும் செலவு குறைந்த காவல் இதுவே என்பது என் அபிப்பிராயம். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டரிலும் பிளாஸ்டிக் தொட்டிகளில் தனித்தனியே கரைத்து வடிகட்டி, நீலக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் சிறுகச் சிறுக ஊற்றிக் குச்சியால் கலக்குங்கள். பிறகு துரு இல்லாத இரும்புக் கத்தியைச் சற்று நேரம் அதில் அமிழ்த்திப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே அடித்துத் தீர்த்துவிடுக. தளிர் வந்தபின் இதே கனத்தில் அடித்தால் இலை கருகக்கூடுமாகையால், பிந்திய மருந்துகளுக்கு ராஜேந்திரநகர் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தாரையோ தோட்டக்கலை அதிகாரியையோ கலந்துகொள்வது நலம்.

1890-ஐ ஒட்டி அப்துல் பாகர் கான் இந்நகரில் கொண்டுவந்து வைத்த அனாப்-இ-ஷாஹிக் கொடியின் சந்ததி ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிலும் பந்தலிட்டிருந்தது. அந்நிலங்களிற் பெரும்பகுதி இப்போது மனைகளாகிவிட்டன. எஞ்சியிருக்கும் தோட்டங்களை ஓர் அவசரக் கவாத்தால் இழப்பது எனக்குச் சகிக்கத்தக்கதன்று.

தளிர் விட்டபின் விடியற்காலையில் பந்தலடியில் நடந்து இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் எண்ணெய் பட்டாற்போல் மஞ்சள் திட்டும், அதற்கு நேர் கீழே வெள்ளைப் பூச்சும் காணப்பட்டால் நோய் வந்துவிட்டது. அந்த இலைகளைக் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே புதைத்து, காற்றோட்டத்தை மறிக்கும் உபரித் தளிர்களையும் களைந்து, அன்றைக்கே மருந்தடித்தாக வேண்டும். விடுமுறை நாளில் மட்டும் தோட்டத்துக்குப் போகும் தார்நாகாவாசிகள், தளிர் விட்டபின் வரும் ஆறு வாரமாவது பந்தலின் அருகே குடியிருக்கும் நம்பிக்கையான ஓர் ஆளிடம் இந்தப் பரிசோதனையை ஒப்படைத்து, நாள்தோறும் விசாரித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை கண்ட திட்டை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒத்திவைக்கலாகாது.