மோட்டார்ச் சைக்கிள் ஓட்டமும் பின்னிருப்பவர் காவலும்

கல்வி என்பது ஏட்டோடு அமைவதன்று. நீந்துதல், மரமேறுதல், வண்டி செலுத்துதல் ஆகிய உடற்றொழில்களும் கல்வியின்பாற்படுவனவே. இவற்றை எத்துணை நூல் கற்றானாயினும் பயிலாதவன் பெறமாட்டான். அங்ஙனமே, காரணம் அறியாது பழக்கம் மட்டும் உடையவன், புதியதோர் இடுக்கண் நேர்ந்தபோது செய்வதறியாது திகைப்பான். பயிற்சியும் அறிவும் இரு சில்லுகள். ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடாது.

நம் கல்லூரியை விட்டு நீங்கும் இளைஞன் முதன்முதற் கைக்கொள்ளும் ஊர்தி பெரும்பாலும் மோட்டார்ச் சைக்கிளேயாம். அதனைப் பெற்ற சின்னாளிலேயே தாயை வைத்தியசாலைக்கும் தங்கையை வகுப்புக்கும் ஏற்றிச் செல்லும் கடமை அவன்மேல் வந்து சேர்கின்றது. தன்னுயிரோடு பிறருயிரையும் தாங்கும் இத்தொழிலை அவன் யாரிடம் கற்றான்? ஒழுங்கையில் நண்பன் ஒருவன் அரைமணி நேரம் காட்டிக் கொடுத்ததே பெரும்பாலார் பெற்ற பாடம். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகர்ப்புறத்தில் ஏறக்குறைய 900 மோட்டார்ச் சைக்கிள் விபத்துக்களை நேரிற் சென்று ஆராய்ந்த ஹரி ஹேட் என்னும் பேராசிரியர் 1981இல் தம் முடிபுகளை வெளியிட்டார். விபத்துக்குள்ளானோருள் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ உறவினர், நண்பர் வாயிலாகவோ ஓட்டப் பழகியவர்கள் என்பதும், பாதிக்கு மேற்பட்டோர் அந்த வண்டியில் ஐந்து மாதப் பழக்கமும் இல்லாதவர்கள் என்பதும் அவர் கண்டவை. ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இச்செய்தி புறக்கணிக்கத்தக்கதன்று.

வண்டி நிற்பதும் திரும்புவதும்

இருசில்லு வண்டி நின்றால் விழும், ஓடினால் நிற்கும். வேகம் மிக்குழி அதனைத் திருப்புவது கைபிடியை வளைத்தலாலன்று, வண்டியைச் சாய்த்தலாலேயாம். சாய்ப்பது எவ்வாறு? இடப்பக்கம் திரும்ப வேண்டின் இடக்கைப் பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ளுக. முன்சில்லு ஒரு கணம் வலப்பக்கம் நோக்கும். சில்லுகள் வலப்பக்கம் விலகவே வண்டியின் மேற்பாகம் இடப்பக்கம் சாயும். சாய்ந்த வண்டி இடப்பக்கம் வளைந்து செல்லும். கேட்போர்க்கு இது முரணாகத் தோன்றும். ஆயினும் சைக்கிள் ஓட்டும் சிறுவனும் அறியாமலே இதனைச் செய்கின்றான். ஆகாய விமானம் கண்ட றைற் சகோதரர் சைக்கிள் வணிகர். அவருள் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுவோர் பலரை வினாவி, தாம் செய்வதை எவரும் சரியாகச் சொல்ல அறியாமையைக் கண்டு வியந்தவர். அறியாது செய்வதை அறிந்து செய்வோமாயின், குழியொன்று திடீரெனத் தோன்றும்போது வண்டி நம் வசப்பட்டு விலகும்.

வளைவில் நினைவிற் கொள்ள வேண்டியவை இரண்டு. வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்துக்கொள்க. வளைவினுள் பிறேக்கை இறுக்கற்க. கண்ணைச் செல்லவேண்டிய இடத்தில் வைக்க. அஞ்சும் பொருளையே நோக்குபவன் அதன்மேலே சென்று மோதுவான்.

நிறுத்தும் திறம்

ஓட்டத் தெரிந்தவன் என்பதினும் நிறுத்தத் தெரிந்தவன் என்பதே புகழ். முன் பிறேக்கைத் தொட்டால் தலைகீழாய் விழுவோம் என்னும் அச்சம் புதியவரிடம் மிகுதி. பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்னோக்கிச் செல்கின்றது. முன்சில்லு நிலத்தை அழுந்தப் பற்ற, பின்சில்லின் பற்று குறைகின்றது. ஆதலின் நிறுத்தும் ஆற்றலிற் பெரும்பங்கு முன்சில்லுக்கே உரியது. பின் பிறேக்கை மட்டும் மிதிப்பவன் நெடுந்தூரம் இழுபட்டுச் செல்வான். சில்லும் பூட்டுண்டு வழுக்கும். முன் பிறேக்கைச் சடுதியிற் பற்றாது, எலுமிச்சம்பழம் பிழிவார்போல மெல்லத் தொடங்கி வரவர இறுக்குக. மணலிலும் வளைவிலும் இன்னும் மென்மை வேண்டும்.

வேகத்தின் கணக்கையும் நோக்குவோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் செல்லும், 60 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 17 மீற்றர். இடையூற்றைக் கண்டு கை தொழிற்படுதற்கு ஒரு செக்கன் கழியும் என்றும், அதன்பின் உலர்ந்த வீதியில் செக்கனுக்குச் செக்கன் 6 மீற்றர் வீதம் வேகம் குறையும் என்றும் கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் வந்தவன் 21 மீற்றரில் நிற்பான். 60 கி.மீ. வேகத்தில் வந்தவனுக்கோ 40 மீற்றர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்காக, தூரம் ஏறத்தாழ இருமடங்காகின்றது. பிறேக் பிடித்தபின் செல்லும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுதலே இதற்குக் காரணம். முன்செல்லும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்தபின் நாம் அதனை அடைய இரண்டு செக்கனாவது செல்லல் வேண்டும். மழையில் நான்கு செக்கன் விடுதல் நன்று.

நம் வீதிகளின் இயல்பு

ஐப்பசி, கார்த்திகை மாரியின் முதல் மழை, வீதியிற் படிந்த எண்ணெயையும் புழுதியையும் கலந்து வழுக்கலாக்கும். ஒழுங்கை முகப்பிற் கிடக்கும் மணல், வன்னிப் பகுதியில் வீதியோரத்தே காயவிட்ட நெல், இருளிற் படுத்திருக்கும் மாடு, வேலிப் பொட்டால் ஓடிவரும் நாய் ஆகியன புதியவனுக்குக் காத்திருக்கும் சோதனைகள். பண்ணைப் பாலம் போன்ற கடல்வழி வீதிகளில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும்; அங்கே வேகங் குறைத்து, கைபிடியை விறைப்பின்றிப் பற்றிச் செல்க. எதிரே வரும் வண்டி நம்மைக் கண்டிருக்கும் என்று நம்பற்க. மேற்கூறிய ஆராய்ச்சியில், வேறு வாகனத்தோடு மோதிய விபத்துக்களுள் மூன்றில் இரண்டு பங்கு, மற்றைய சாரதி வழிவிடாமையால் நேர்ந்தவை. சந்தியில் வலப்பக்கம் திரும்ப நிற்கும் வாகனத்தைக் காணுந்தோறும் பிறேக்கில் விரல் வைத்துச் செல்லுதல் அறிவுடைமை.

பின்னிருப்பவர்

தனியே ஓட்டுதல் கைவந்து, கிளச்சும் கியரும் நினையாமலே இயங்கும் காலம் வரும்வரை எவரையும் ஏற்றற்க. முதன்முதல் ஏற்றுபவரும் இத்தொழில் அறிந்தவராதல் நன்று. தாயையும் குழந்தையையும் வைத்துப் பயிலுதல் தகாது.

வண்டி 110 கிலோகிராம், ஓட்டுபவர் 65 கிலோகிராம் எனின் மொத்தம் 175. பின்னால் 65 கிலோகிராம் உள்ள ஒருவர் ஏறின் அது 240 ஆகும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம். முன்னர் நின்ற தூரத்திலேயே நிற்க, பிறேக்கும் அதே அளவு மிகுதியாகத் தொழிற்படல் வேண்டும். முந்திச் செல்ல நேரமும் கூடும். பாரம் பின்னோக்கியும் மேனோக்கியும் ஏறுதலால், மெல்லச் செல்லும்போது வண்டி தள்ளாடும். முன்விளக்கின் ஒளியும் உயர்ந்து எதிர்வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். வண்டியோடு வரும் கைந்நூலிற் குறித்தவாறு பின் ரயரின் காற்றைக் கூட்டிக்கொள்க.

ஏறுபவர், ஓட்டுபவர் இருகாலும் ஊன்றி, முன் பிறேக்கைப் பற்றி, 'ஏறலாம்' என்று சொன்ன பின்னரே இடப்பக்கமாக ஏறவேண்டும். சூடேறிய புகைக்குழாயிற் கால் படாது காக்க. வண்டி நின்ற வேளையிலும் பாதங்களைக் கால்தாங்கியினின்று எடுத்தலாகாது. ஓட்டுபவரின் இடையையோ பின்கம்பியையோ பற்றிக்கொள்ளுக. வளைவில் எப்பக்கம் திரும்புகின்றதோ அப்பக்கத் தோளின் மேலாக நோக்கின், உடல் தானே வண்டியோடு இசையும். அஞ்சி மறுபக்கம் சாய்பவர் வண்டியை வளைவினின்று புறத்தே தள்ளுபவராவர்.

சேலை உடுத்த பெண்கள் ஒருபக்கமாக அமர்தல் நம் வழக்கு. இருபக்கமும் காலிட்டு அமர்தலே உறுதியானது. அது இயலாதவிடத்து, சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் சுற்றிச் செருகி, சில்லுக்கு மறைப்பிட்டு, வேகத்தைப் பெரிதும் குறைத்துச் செல்லல் வேண்டும். சில்லிற் சிக்கிய துணி கழுத்தை இறுக்கி உயிர் கவரும். கால்தாங்கி எட்டாத குழந்தையை ஏற்றுதலும், பெற்றோல் தாங்கிமேல் இருத்துதலும், மூவராய்ச் செல்லுதலும் அன்பின் பெயராற் செய்யும் கொடுமைகளே.

தலைக்கவசம்

'அரேபியாவின் லோறன்ஸ்' எனப் பெயர்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், சைக்கிளில் வந்த இரு சிறுவரை விலக்கச் சென்று மோட்டார்ச் சைக்கிளினின்று வீழ்ந்து, ஆறாம் நாள் மாண்டார். அவர் தலைக்கவசம் அணிந்திருந்தாரல்லர். அவரைக் கண்ட வைத்தியருள் ஒருவரான மூளைச் சத்திரவைத்தியர் ஹியூ கெயர்ன்ஸ், இத்தகைய மரணங்களை ஆராய்ந்து, கவசத்தின் பயனை 1941இல் எழுதினார். பிரித்தானியப் படையினர் அதனை அணியலாயினர். 1973இல் அந்நாட்டு மக்கள் யாவர்க்கும் அது சட்டமாயிற்று. கவசம் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காய அபாயத்தை 69 பங்கும் குறைப்பதாக, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் 2008இற் கூறினர். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுபவர்க்கும் பின்னிருப்பவர்க்கும் அதனை விதிக்கின்றது. ஆயினும் மகன் தலையிற் கவசமும் தாய் தலையில் வெறுங்காற்றுமாகச் செல்லும் காட்சியை இன்றும் காண்கின்றோம். கைபிடியிற் கொழுவிய கவசமும் வார் பூட்டாத கவசமும் அணியாத கவசமே.

சாரதியின் அறம்

வண்டி செலுத்துவோனைச் 'சாரதி' என்கின்றோம். கண்ணபிரான் விரும்பி ஏற்ற பெயர்களுள் பார்த்தசாரதி என்பதும் ஒன்று. சாரதியின் பெருமை விரைவில் இல்லை. தன் பின்னிருப்பவனைக் காத்து உய்த்தலில் உள்ளது. அகநானூற்றின் நான்காம் பாடலில், பூவில் தேனுண்ணும் வண்டுகள் வெருவுமென்று மணியின் நாவைக் கட்டி ஒலியடக்கித் தேரில் வருகின்றான் ஒரு தலைவன். காதலியைக் காணும் வேட்கையால் விரைகின்ற வேளையிலும் சிற்றுயிர்க்கு இரங்கியவன் அவன். அவனைப் பாடமாகக் கற்ற நம் மாணவர், வீதியில் நடக்கும் முதியோர்க்கும் பள்ளிச் சிறாருக்கும் தம் பின்னே நம்பியமர்ந்த தாய்க்கும் அவ்விரக்கத்தைக் காட்டுதல் அரிதன்று.

ஐந்து நிமிடம் முந்திச் சென்றவனை எந்த வீடும் போற்றுவதில்லை. இருட்டுமுன் வந்து சேர்வான் என்று வாயிற்படியிற் காத்திருக்கும் தாய், அவன் வந்து சேர்வதொன்றையே வேண்டுகின்றாள். இளைஞர் அதனை உணர்ந்து, மெய்யும் மனமும் ஒன்றித் தம் ஊர்தியைச் செலுத்தி, நெடிது வாழ்வாராக.