நடைக்குப் பதற்றம், பேச்சுக்குப் பொறுமை

காதுகுத்து வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் போதும், கணக்கெடுப்பு தொடங்கிவிடும். "எங்க பேரன் பதினொண்ணாம் மாசமே நடந்துட்டான். உங்க பாப்பா இன்னும் தவழவே இல்லியா?" கேள்வி வாங்கிய தாய்க்கு அன்று பந்தியில் சோறு இறங்காது. அதே கூடத்தில் இரண்டு வயது முடிந்தும் ஒரு சொல்கூடப் பேசாத பையன் ஓடியாடிக்கொண்டிருப்பான். அவன் அம்மாவுக்கோ, "ஆம்பளப் பிள்ளதானே, மெதுவாத்தான் பேசும்" என்று ஆறுதல் கிடைக்கும். நாம் பதறுகிற இடமும் பொறுக்கிற இடமும் இடம் மாறிக் கிடக்கின்றன.

நம்பிக்கை: ஒரு வயதுக்குள் நடக்காவிட்டால் ஏதோ கோளாறு.

உண்மை: இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கிற வயது ஏறத்தாழ 8 மாதத்தில் தொடங்கி 17½ மாதம் வரை நீள்கிறது. 10-ஆம் மாதம் நடந்த பிள்ளை கெட்டி என்றோ, 16-ஆம் மாதம் நடந்த பிள்ளை மந்தம் என்றோ சொல்ல இதில் இடமில்லை. 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதப் பிள்ளைக்குக் கணக்கு வேறு. 40 வாரத்துக்குப் பதில் 32 வாரத்தில் பிறந்திருந்தால், இரண்டு வயது வரை வயதில் 2 மாதத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: தவழாமல் நடந்தால் மூளை வளர்ச்சி குறையும்.

உண்மை: அதே ஆய்வில் 100-க்கு 4 குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. சில பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகரும். சில நேராக எழுந்து சுவரைப் பிடிக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில் தவழ்தலே இல்லை. ஒரு காலை மட்டும் இழுத்து நகர்கிறதா, ஒரு வயதுக்கு முன்பே எதையும் ஒரே கையால்தான் எடுக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம்பிக்கை: வாக்கரில் விட்டால் சீக்கிரம் நடக்கும்.

உண்மை: நடக்காது, தாமதமாகவும் கூடும். வாக்கரில் பிள்ளை தொங்கியபடி நுனிக்காலால் தரையை உந்துகிறது. விழாமல் உடம்பைத் தாங்குகிற பழக்கம் அதில் வருவதில்லை. படிக்கட்டில் உருண்ட விபத்துகளைப் பார்த்து, கனடா 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் வீட்டு மர நடைவண்டி வேறு சங்கதி. பிள்ளை தானே எழுந்து நின்று, தன் காலில் எடை போட்டுத் தள்ள வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.

நம்பிக்கை: ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும். அவன் அப்பாவும் அப்படித்தான்.

உண்மை: பெண் பிள்ளைகள் சற்று முந்துவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் மிஞ்சினால் ஓரிரு மாதம். ஓரிரு வருடம் அல்ல. ஒரு வயதில் 'பாபா', 'தாத்தா' என்ற மழலை ஒலிகள் இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதோ கையசைப்பதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல் இல்லை. 2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று தானாக இரண்டு சொல் சேர்ப்பது இல்லை. இந்தக் குறைகளில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே போக வேண்டும். வீட்டில் இரண்டு மொழி புழங்குவதால் பேச்சு தடைப்படாது. இரண்டிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள்.

நம்பிக்கை: தட்டைத் தட்டினால் திரும்புகிறது. காது நன்றாகக் கேட்கிறது.

உண்மை: பாட்டி முதுகுப்பக்கம் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுகிறார், பிள்ளை சட்டென்று திரும்புகிறது, வீடே நிம்மதியாகிறது. ஆனால் அந்த ஓசை பலத்தது, பேச்சிலுள்ள 'ச', 'த' போன்ற ஒலிகள் மெல்லியவை. பாதிக் கேள்வித்திறன் உள்ள பிள்ளைக்குத் தட்டு கேட்கும், சொல் கேட்காது. சில நேரம் பாட்டியின் நிழலைப் பார்த்தே திரும்பியிருக்கும். பிறந்த ஒரு மாதத்துக்குள் கருவியால் செவிப் பரிசோதனை, குறை இருந்தால் 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே சரியான வழி.

நம்பிக்கை: தேனில் வசம்பு குழைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும்.

உண்மை: பேச்சு நாக்கின் தடிப்பால் தாமதிப்பதில்லை. காதும் மூளையும் சேர்ந்து கற்பது அது. வசம்பிலுள்ள ஆசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை உள்ளது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேனே ஆகாது. அதிலிருந்து பாட்டுலிசம் என்ற கடும் நோய் வரலாம்.

சந்தேகம் என்றால் எங்கே போவது? 2013 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கே வந்து இலவசமாகப் பரிசோதிக்கின்றன. மேற்கொண்டு பார்க்க மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

செங்கீரை, சப்பாணி, வாரானை என்று பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பாடியது நம் பிள்ளைத்தமிழ். அதில் அம்புலிப் பருவமும் உண்டு, விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுகிற பருவம். இன்று இரவு மொட்டைமாடியில் சோறூட்டும்போது நிலாவைக் காட்டுங்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை உங்கள் விரலையே பார்க்கிறதா, விரல் போகும் திசையில் பார்வையை ஓட்டி நிலாவைக் கண்டுபிடித்து, "நீயும் பாத்தியா?" என்பதுபோல உங்கள் முகத்துக்குத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். காதுகுத்து வீட்டில் யாரும் கேட்காத கேள்வி இதுதான்.