வாடிக்கையாளர் எதிர்பார்க்கும் மடல்: கடைக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?



நம்மில் பலருக்கும் வீட்டில் ஒரு பதவி உண்டு: 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளை'. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அம்மாவோ மாமாவோ கூப்பிட்டு, "நம்ம கஸ்டமருக்கெல்லாம் ஒரு ஈமெயில் தட்டி விடுப்பா" என்பார்கள். நாமும் 'மாபெரும் தள்ளுபடி!' என்று ஒரு போஸ்டர் செய்து அனுப்புவோம். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் மறுபடியும். மூன்றாவது மடலை எத்தனை பேர் திறப்பாங்க?

"வாட்ஸ்அப் இருக்கே, ஈமெயில் எதுக்கு?" என்று கேட்கலாம். பண்டிகை நேரத்தில் வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே நம் செய்தி காணாமல் போய்விடும். மின்னஞ்சலை மூன்று மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம். அலுவலகத்துக்கு மொத்தமாகப் பலகாரம் வாங்குபவர்களும் விலைப்பட்டியலை மின்னஞ்சலில்தான் கேட்பாங்க.

இந்தப் பாடத்தில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: படிப்பவர் அன்றைக்கு ஒரு காசுக்கும் வாங்காவிட்டாலும், அவருக்கு ஏதாவது பயன் கிடைக்க வேண்டும்.

1. முதலில் அனுமதி

1978-ல் கேரி துயர்க் என்பவர், டிஈசி நிறுவனத்தின் கணினிகளை விளம்பரம் செய்து, ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். யாரும் கேட்காத மடல் அது. புகார்கள் குவிந்தன. இன்றைக்கு அதைத்தான் முதல் ஸ்பேம் என்கிறோம்.

ஆர்டர் அனுப்புவதற்காக ஒருவர் முகவரி கொடுத்தால், அது ஆர்டருக்கு மட்டும். "மாதம் ஒரு மடல் அனுப்பலாமா அக்கா?" என்று கேட்டு, சரி என்றவர்களை மட்டும் பட்டியலில் சேருங்க. மாதம் ஒன்று என்று சொன்னால், மாதம் ஒன்றுதான்.

சட்டமும் இருக்கு. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. தன் விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்து மூலம் கேட்கும் உரிமை அதில் உண்டு. சிங்கப்பூரின் 2007-ஆம் ஆண்டு ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கேட்காமல் மொத்தமாக அனுப்பும் விளம்பர மடலில் விலகும் வழி இருக்க வேண்டும். விலகக் கேட்டவருக்கு 10 வேலை நாளுக்குள் நிறுத்தியாக வேண்டும்.

2. என்ன எழுதுவது?

அம்மா வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான மடல் இப்படி இருக்கும்:

"தீபாவளி அதிரடி விற்பனை! முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை! வாய்ப்பை நழுவ விடாதீர்கள்!!!"

இதை மாற்றி எழுதுவோம். தலைப்பு: 'முறுக்கு நமத்துப் போகுதா?'

"வணக்கம் அக்கா. முறுக்கைச் சூடாக டின்னில் போட்டு மூடினால், நீராவி உள்ளேயே தங்கி முறுக்கு நமத்துவிடும். முழுக்க ஆறவிட்டு, ஈரமில்லாத டின்னில் போட்டு இறுக்கி மூடுங்க. தினமும் சாப்பிடுவதற்குக் கொஞ்சத்தைச் சின்ன டப்பாவில் தனியாக வைங்க. பெரிய டின்னை அடிக்கடி திறக்க வேண்டாம். எங்களிடம் வாங்குவதாக இருந்தால் 20-ஆம் தேதிக்குள் இந்த மடலுக்கே பதில் போடுங்க. அதுக்கு மேல எங்க அடுப்பு தாங்காது!"

"எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டா யார் வாங்குவா?" என்று அம்மா கேட்கலாம். சுடத் தெரிந்தவர் எப்படியும் சுடுவார். நேரமில்லாதவர், விஷயம் தெரிந்தவரிடம்தான் வாங்குவார். அந்த நம்பிக்கை இந்த நாலு வரியில் வருது.

3. வெளியே போகும் கதவு

மடலின் அடியில் விலகும் இணைப்பு கண்ணில் படும்படி இருக்கட்டும். ஒளித்து வைத்தால், படிப்பவர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்திவிடுவார். நமக்கு அதுதான் பெரிய ஆபத்து.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் விதிகள் கடுமையாகிவிட்டன. ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது; அதாவது ஆயிரத்துக்கு மூன்று. கணக்குப் போட்டுப் பாருங்க. நம் பட்டியலில் 200 பேர். அதில் ஒரே ஒருவர் அழுத்தினால் 0.5 விழுக்காடு! புகார் கூடக் கூட, நம் மடலை ஆசையாக எதிர்பார்க்கிறவருக்கும் அது ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். அதனால் விலக நினைப்பவரை ஒரே சொடுக்கில் போக விடுங்க. பட்டியல் சின்னதானாலும் பரவாயில்லை.

4. எதை அளப்பது?

'இத்தனை பேர் திறந்தார்கள்' என்ற எண்ணை அப்படியே நம்பாதீங்க. ஆப்பிள் 2021-ல் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், ஒருவர் படிக்காமலேயே திறந்ததாகப் பதிவாகலாம். பதில் எழுதியவர்கள் எத்தனை பேர், விலகியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்க. "போன மாசம் மடல் வரலியே?" என்று ஒருவர் கேட்டால், அதுதான் உங்கள் மதிப்பெண்.

பயிற்சி

உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். பூக்கடை, மளிகைக்கடை, தையல்கடை, எதுவானாலும் சரி. அதற்கு நூறு சொல்லுக்குள் ஒரு மடல் எழுதுங்க. எழுதியபின் விலை, தள்ளுபடி, கடைப்பெயர் மூன்றையும் அடித்துவிட்டு மறுபடி படிங்க. படிப்பவருக்குப் பயன்படும் ஒரு வரியாவது மிஞ்சினால் அனுப்பலாம். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்க: "வாடிக்கையாளர் உங்ககிட்ட அடிக்கடி என்ன சந்தேகம் கேட்பாங்க?" அவர் சொல்லும் பதிலே அடுத்த மடல்.